மூன்று மணி ஸ்கேன்

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியை ஒட்டிய காயலோரப் பூங்காவில் செக்யூரிட்டி வேலை என்றால் சும்மா நிற்பதுதானே என்று நினைப்பவர்கள் ஒருநாள் முத்துவேலின் சட்டையை மாட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கொரு தரம் சுற்றிவந்து, ஆறு இடத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைப் பத்து நிமிஷத்துக்குள் ஃபோனில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஆள் தூங்கிவிட்டான் என்று கம்பெனி முடிவுகட்டிவிடும். இந்த மாதம் இரண்டு தரம் விட்டாயிற்று. மூன்றாவதும் விட்டால் வேலை போச்சு.

ராத்திரி மூன்று மணிச் சுற்றில் ஐந்து முடிந்தது. ஆறாவது ஸ்டிக்கர் மரத்தடி பெஞ்சின் சாய்வுப் பலகையில். விளக்குக் கம்பத்தில் ஒட்டச் சொன்னதை, உட்கார்ந்தபடியே வேலையை முடிக்கலாமே என்று பெஞ்சில் ஒட்டிய மகாபுத்திசாலி வேறு யாருமில்லை, முத்துவேலேதான். இப்போது அந்த ஸ்டிக்கர்மேல் சாய்ந்து பாண்டிச்செல்வி உறங்குகிறாள்.

ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற பெண். மடியில் ஆறு மாதக் குழந்தை. நேற்றுக் காலையில் தடுப்பூசி போட்டதிலிருந்து அது வீல் வீலென்று கத்த, கூடத் தங்கியிருப்பவர்கள் திட்டுவார்களே என்று இங்கே தூக்கி வந்துவிட்டாள்; போன சுற்றில் அவளே சொன்னது. இப்போதுதான் அது கண்ணசந்திருக்கிறது. பெஞ்சில் தூங்கக் கூடாது என்று போர்டே இருக்கிறது. விசிலை ஊதி எழுப்பலாம். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே!

ஃபோன் அதிர்ந்தது. சூப்பர்வைசர் ஸ்ரீநாத்.

"முத்துவேல் சேட்டா, ஆறாம் பாயிண்ட் எவிடே? இனி மூணு மினிட்டுதான். இதும் போச்சுன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வரண்டா, கேட்டோ!"

"இப்ப ஆயிடும் சாரே," என்று குசுகுசுத்தான் முத்துவேல்.

அவள் தோளுக்கும் பலகைக்கும் நடுவே ஃபோனை மேலிருந்து நுழைத்துப் பார்த்தான். கால்வாசி ஸ்டிக்கர்தான் தெரிந்தது. தொட்டு எழுப்பக் கையை நீட்டினான். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. ஐயோ சாமி என்று கையை இழுத்துக்கொண்டான்.

கண்ணைத் திறக்காமலே பாண்டிச்செல்வி கேட்டாள்: "எம்புட்டு நகரணும்ணே?"

முத்துவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ முழிச்சா இருக்கே?"

"நீங்க வந்தப்பவே முழிச்சிட்டேன். கண்ணத் தொறந்தா எந்திரிச்சுப் போன்னுருவீகளோன்னு பயந்து மூடிக்கிட்டேன்."

குழந்தையை அலுங்காமல் அணைத்தபடி ஒரு சாண் முன்னால் சாய்ந்தாள். ஃபோன் 'டிங்' என்றது. மணி மூன்று ஒன்பது. போன உயிர் திரும்பி வந்தது முத்துவேலுக்கு. பெஞ்சின் மறுமுனையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"இருந்துக்கட்டுமாண்ணே?"

"இரு மோளே. நல்லா சாஞ்சுக்கோ. குட்டி உறங்கட்டும்."

அவள் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

"நாலு மணிக்கும் வருவீகள்ல? ஒரு கொரல் குடுங்கண்ணே, நகந்துக்கிறேன்."