நாலாம் காலுக்குச் சிரட்டை

"நான் இந்தக் கதிரையிலை இருந்து ஒருக்காத் தும்மினால் காணும். மொசாம்பிக்கிலை ரிப்பர் லொறி பின்பக்கமாய் ஓடும்!"

வியாழக்கிழமை பின்னேரம் இப்படிச் சொன்ன குணலட்சுமி வெள்ளி விடிய எழும்பவில்லை. அறுபத்தெட்டு வயதில், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல், நித்திரையிலேயே போய்விட்டாள். ஞாயிறு காலை அவள் கூறைச்சேலையோடு விறாந்தையில் கிடக்க, புருசன் கனகலிங்கம் ஒழுங்கையில் குந்தியிருந்து நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

ஒழுங்கைக்கு நடுவில் அவளுடைய சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை. அதற்கும் வேலிக்கும் இடையில் எத்தனை அடி என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

"அப்பா, சனம் பாக்குது," என்றாள் மகள் நிரோஜா.

"பாக்கட்டும். பாடை போக இடம் காணுமோ எண்டு ஆர் பாக்கிறது?"

"கதிரையைத் தூக்கி வைச்சால் காணும்தானே?"

அவர் "அஞ்சடி நாலங்குலம்," என்று நாடாவைச் சுருட்டினார்.

முப்பத்துநாலு வருசம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்த மனுசன். அளக்காத எதையும் நம்பமாட்டார். தாலி கட்டும்போதுகூடக் கொடியின் நீளத்தைக் கண்ணால் மட்டுக்கட்டினவர் என்று குணலட்சுமி சண்டிலிப்பாய் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பதினாலு மாதத்துக்கு முன்பு இந்த ஒழுங்கையால் சுண்ணாம்புக்கல் ஏற்ற ரிப்பர்கள் வரத் தொடங்கின. தோட்டங்களுக்குப் பின்னால் கல் கிண்டின கிடங்கு ஆழமாக ஆழமாகக் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. மனுக்கள் எழுதப்பட்டன, அவை எந்த மேசையிலோ பூஞ்சணம் பிடித்தன. ஒருநாள் குணலட்சுமி ஒரு கதிரையை இழுத்துவந்து ஒழுங்கைக்கு நடுவில் போட்டு இருந்தாள். மடியில் சுளகு. முன்னால் ரிப்பர் ஹோண் அடித்து அடித்துத் தொண்டை கட்டிப்போயிற்று. அவள் நிமிராமல் பயித்தங்காய் முறித்தாள்.

நிரோஜா அதைப் பதின்மூன்று செக்கன் படம் பிடித்து முகநூலில் போட்டாள். பொழுதுபடுவதற்குள் பாதி உலகம் பார்த்துவிட்டது. மிச்சப் பாதி நித்திரையால் எழும்பிப் பார்த்தது. பெருவில் கதிரை போட்டார்கள், மொசாம்பிக்கில் போட்டார்கள், பிலிப்பைன்ஸில் போட்டார்கள். நோர்வேயில் பனிக்குள் கதிரை போட்டுக் கம்பளியோடு இருந்தார்கள். குணலட்சுமி சொல்லச் சொல்ல நாளுக்கொரு நாடு கூடியது. தென்துருவத்துப் பென்குவின்கள் மட்டும்தான் கதிரை கிடைக்காமல் நின்றன.

"உதெல்லாம் கொம்பியூட்டர் செய்யிற வேலை," என்பார் கனகலிங்கம். "இப்ப பூனையையும் பிளேன் ஓட்ட வைக்கிறாங்கள்."

"இஞ்சரப்பா, நான் செத்தாப் பிறகாவது 'நடந்தது' எண்டு ஒருக்காச் சொல்லுவியளோ?"

"நடந்தால் சொல்லுறன்."

பூனை என்றதும் ஒரு விசயம். அந்தக் கதிரைக்கு ஒரு பின்னங்கால் நுனி உடைந்திருந்தது. ஆடாமல் இருக்க அவள் அதன் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். உடைத்தது பூனை என்று கனகலிங்கம் சொல்லியிருந்தார். பல்ப் மாற்ற அதில் ஏறி நின்ற எழுபத்தாறு கிலோ பூனை.

பத்தரை மணிக்குக் கல் கொந்தராத்துக்காரரின் ஆள் றமேஸ் வந்தான். செத்தவீட்டிலேயே பெரிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை அவன் கொண்டுவந்ததுதான். குணலட்சுமி உயிரோடு இருக்கும்போதுகூட அவ்வளவு உயரமில்லை.

"நல்ல மனிசி ஐயா," என்று கையைப் பிசைந்தான். "கதிரையை இனி எடுக்கலாம்தானே? நாளைக்கு ரண்டே ரண்டு லோட். அதிலை இருக்க இனி ஆர் இருக்கினம்?"

கனகலிங்கம் கதிரையைப் பார்த்தார். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருக்கிறவள் போய்விட்டாள். "ம்..." என்று இழுத்தார்.

அந்த நேரம்தான் நிரோஜா கைபேசியோடு ஓடிவந்தாள். "அப்பா, மொசாம்பிக்! அம்மாவுக்காக இண்டைக்கு அங்கையும் இருக்கினமாம். லைவ்!"

அங்கே காலை ஏழு மணி. செம்மண் தெருவில் நாற்பது கதிரை, நாற்பது பெண்கள். அவர்களுக்கு முன்னால் மணல் ஏற்ற வந்த ஒரு ரிப்பர். தலையில் மஞ்சள் துணி கட்டிய ஒருத்தி "கதெய்ரா, கதெய்ரா" என்று தன் கதிரையைத் தட்டிக் காட்டினாள்.

"கதிரையெண்டுதான் சொல்லுறாள்," என்றாள் நிரோஜா. "போத்துக்கீசப் பறங்கியள் ரண்டு பக்கமும் குடுத்திட்டுப் போன சொல்."

"சொல்லை ஆரும் படிப்பிக்கலாம். உண்மையெண்டால் கதிரையைத் தூக்கிக் காட்டச் சொல்லு."

நிரோஜா ஆங்கிலத்தில் சொல்ல, அங்கே ஒரு இளம்பெட்டை மொழிபெயர்க்க, மஞ்சள் துணிக்காரி எழும்பிக் கதிரையைத் தூக்கினாள். நிலத்தில் ஒரு சிரட்டை கிடந்தது. பக்கத்துக் கதிரையின் கீழும் சிரட்டை. நாற்பது கதிரைக்கும் நாற்பது சிரட்டை.

"நாலு காலும் நல்ல காலாய்க் கிடக்கு," என்றார் கனகலிங்கம். "பிறகேன் சிரட்டை?"

மறுமொழி சுற்றி வந்து சேர்ந்தது. "அம்மா வைச்சவ எண்டு வைச்சவையாம். அதுதான் தங்கடை அடையாளமாம்."

"நல்ல காலுக்குக் கீழை வைச்சால் ஆடுமே!"

"ஆடுதாம் அப்பா. ஆடினாலும் இருப்பினமாம்."

கனகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில் சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்தார். முடியவில்லை. மேளகாரர் அடியை நிறுத்திவிட்டுப் பார்க்க, அவர் கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்து, நிற்க முடியாமல் பின்னால் கிடந்த கதிரையில் பொத்தென்று இருந்தார். ஒழுங்கை முனையில் யாரோ வெடி கொளுத்தினார்கள். புகை வந்து மூக்கில் ஏறியது.

ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரித் தும்மினார்.

கைபேசிக்குள் பீப், பீப், பீப் என்று சத்தம் கேட்டது. மொசாம்பிக் ரிப்பர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

றமேஸ் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கனகலிங்கத்தைப் பார்த்தான். அவர் தான் எதில் இருக்கிறார் என்று அப்போதுதான் கண்டு, மெல்ல எழும்பினார்.

பாடை படலை தாண்டியதும் முன்னால் பிடித்தவர்கள், "மாமா, கதிரையை எடுங்கோ, வழி காணாது," என்றார்கள்.

"எடுக்காதேங்கோ. அஞ்சடி நாலங்குலம். அளந்தனான்."

வேலியை உரசாமல் பாடை போயிற்று. பெண்கள் படலையோடு நின்றார்கள். சுடலைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை அவர்கள் மாறி மாறிக் கதிரையில் இருந்தார்கள்.

கனகலிங்கம் கொள்ளி வைத்து, முழுகி, ஈர வேட்டியோடு வந்தபோது நிரோஜா கதிரையில் இருந்தாள். றமேஸ் இன்னும் போகாமல் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

"எழும்பு பிள்ளை."

அவள் எழும்பினாள். அவர் குனிந்து சிரட்டையை நேராக்கினார். "பூனை இல்லை," என்றார், யாருக்கென்றில்லாமல்.

வியாழக்கிழமை பாதியில் விட்ட பயித்தங்காய்ச் சுளகு படலையடியில் அப்படியே கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வாடின காய் ஒன்றை எடுத்தார்.

"ஐயா," றமேஸ் கிட்ட வந்தான். "உந்த மொசாம்பிக் கதை... மெய்யா நடந்ததோ?"

கனகலிங்கம் விரலால் அளவு பார்த்துக் காயை முறித்தார்.

"ஓம்," என்றார். "நடந்தது."