காலர் ஜாக்கெட்

1989, ஆவணி முதல் ஞாயிறு. காலையில் ராஜபாளையத்து எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்:

அம்மா சீனியம்மாள்.

அக்கா ரத்தினம். அவளைப் பற்றித்தான் பேச்சு. அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

அக்காவின் புருஷன் சௌந்தரபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை.

அவருடைய தாய் பாலம்மாள்.

எண்ணெய்க்கடை வைகுண்டராஜ் மாமா. இரண்டு பக்கத்துக்கும் உறவு. சமரசம் பேச வந்தவர்.

தம்பி பொன்னுராஜ், அதாவது நான். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சுத்தூசியோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டிவி. அதையும் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். சமரசம் பேசும்போது நிறுத்தி வைக்கலாம் என்று நான் எழுந்தேன். வைகுண்டராஜ் மாமா கையைக் காட்டினார்.

"கெடக்கட்டும்லே. சத்தத்த மட்டும் கொற. ஞாயித்துக்கெழமை நாடகம் வார நேரம்."

அக்காவுக்கு வேண்டியது அவளுடைய தையல் மிஷின். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சீர். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கிடந்தது. தளவாய்புரத்தில் நைட்டி தைத்து வெளியூருக்கு அனுப்புகிற ஒருவர், சொந்த மிஷினோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார். மிஷின் கிடைத்தால் அவள் தளவாய்புரம் போவாள். கிடைக்காவிட்டால் புருஷன் வீட்டுக்குத் திரும்பி, அவர்கள் சொல்வதை உடுத்திக்கொண்டு இருக்க வேண்டும். என்னை நம்பி உட்கார முடியாது. காலேஜை இரண்டாவது வருஷம் விட்டவன், பகலில் தூக்கம் வராதவன், இரவில் நின்றுகொண்டே தூங்குகிறவன். என்னை நானே நம்பியதில்லை.

சண்டை முழுக்க டிவியால் வந்தது. கொடைக்கானலில் டிவி கோபுரம் வைத்து எங்கள் ஊருக்குப் படம் தெளிவாக வந்த காலத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது அவள் செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல உடுத்தினாள். முந்தானையை மடித்துத் தோளில் பின் குத்தி, காதோரம் ஒரு பூ வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டால் செத்த நேரம் நிதானித்துத்தான் பதில் சொல்வாள். சௌந்தரபாண்டியன் அத்தான் சொக்கிப்போனார். வீட்டுக்குப் போகும் முன்பே சரி என்று சொல்லிவிட்டார்.

அவர் அந்த உடுப்பையே கட்டிக்கொண்டதாக நினைத்தார். கல்யாணமான அடுத்த வருஷமே அக்கா மாறிவிட்டாள். புராணத் தொடர் வந்தது. ராணிகள் போல முடியைப் பின்னாமல் விட்டு, கவரிங் மாலையை அடுக்கடுக்காகப் போட்டாள். மீன் வாங்கப் போகும்போதும் அப்படித்தான் போனாள். அந்தத் தெருவில் அவளுக்கு மகாராணி என்று பெயர். அதுவும் தீர்ந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தித் தொடர் ஒன்று வந்தது. அதில் ஒரு பொம்பளை. பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதங்களைத் தள்ளுவாள். ஆம்பளைகள் நின்றுகொண்டே பேசுவார்கள். ஓரமாகக் கரை ஓடுகிற வெளிர் சேலை, முழுக்கை ஜாக்கெட், கழுத்தை ஒட்டிக் காலர். நெற்றியில் பொட்டு கிடையாது. வடக்கே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தோம். இந்தி எங்களில் யாருக்கும் தெரியாது. சுவரில் மாலை போட்ட ஒரு ஆளின் படம் தொங்கும். அது அவளுடைய அப்பா என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

அக்கா அந்தக் காலரைத் தைத்தாள். பாலம்மாள் அதை அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். அன்றைக்கே அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். மிஷினைத் தூக்கி வர முடியவில்லை. இங்கே வந்து கையூசியால் இன்னொரு காலர் ஜாக்கெட் தைத்தாள். அதைப் பார்த்துத்தான் தளவாய்புரத்துக்காரர் வேலை தருவதாகச் சொன்னார். சமரசத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீயளா, இன்னைக்குங்கூட அதே வேசம்," என்றாள் பாலம்மாள். "கழுத்த மூடி, கைய மூடி, உள்ள தாலி கெடக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? என்ன இது, கண்டக்டர் சட்டையா?"

"கண்டக்டருக்குக்கூட மேல் பட்டன் தொறந்துல்லா இருக்கும் மதினி," என்று வைகுண்டராஜ் மாமா சொல்லி, அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நான் வேற ஒண்ணும் கேக்கல மாமா," என்றார் அத்தான். "மொத மொத எப்படி இருந்தாளோ அப்படி இருக்கட்டும். அவ்வளவுதான். நியூஸ் வாசிக்கவுக மாதிரி எம்புட்டு லெச்சணமா இருந்தா."

"நீங்களும் அப்பம் மீசை வச்சிருந்தீய," என்றாள் அக்கா.

"ஏட்டி!" என்றாள் அம்மா.

பேச்சு ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. காலர் கூடாது, முழுக்கை கூடாது, தாலி வெளியே தெரிய வேண்டும், அக்கா இன்றைக்கே கிளம்ப வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மிஷினைப் பற்றி அக்கா இரண்டு முறை ஆரம்பித்தாள். "அதான் நீயே அங்கன வாரியே, பொறவு மிஷின் எதுக்கு இங்க?" என்று மாமா அடைத்துவிட்டார். நியாயமான கேள்விதான். அக்கா அங்கே போகாமலும் இருக்கலாம் என்பதற்குத்தான் அதில் இடம் இல்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஞானதுரை வந்து நிலைப்படியில் உட்கார்ந்தான். பட்டாளத்துக்காரன். ஜபல்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. நாங்கள் சிரிக்காத இடத்தில் அவன் சிரித்தான்.

"ஏலே ஞானதுரை, ஒனக்குத்தான் இந்தி தெரியும்லா. அந்தப் பொம்பள என்னதான்லே சொல்லுதா?" என்று கேட்டார் மாமா.

"கையெழுத்துப் போட மாட்டேங்கா மாமா. புருசன் போனப் பொறவு மில்லு இவ கைக்கு வந்துட்டு. கொழுந்தனுவ புடுங்கப் பாக்கானுவ."

"புருசன் எங்க போனான்?"

"எங்க போவான், செத்துட்டான். அந்தா செவுத்துல தொங்குதான்ல. மொத வாரமே ஆள் காலி."

"அது அவ அப்பன்லா?"

"அப்பனா? யார் சொன்னா? இவ விதவை மாமா. அதான் பொட்டு இல்ல, வெள்ளச் சேல."

"சந்தனக் கலருலே அது. கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"எங்க கேன்டீன்ல கலர் டிவி. நல்ல வெள்ள. பால் வெள்ள."

எங்கள் டிவியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் மாட்டியிருந்தது. மேலே நீலம், நடுவில் மஞ்சளும் ஆரஞ்சும், கீழே பச்சை. கறுப்பு வெள்ளை டிவியைக் கலராக்கும் என்று சொல்லி விற்ற தாள். அத்தான் வீட்டு டிவியிலும் இதே தாள்தான். வானத்துக்கு நீலம், மனுஷனுக்கு மஞ்சள், புல்லுக்குப் பச்சை. ஆள் கிட்டத்தில் வந்தால் நெற்றி நீலமாகிவிடும். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் அக்கா சந்தனக் கலர் சேலை எடுத்தாள். இரண்டு துவைப்பில் அதுவும் வெளுத்துவிட்டது.

பாலம்மாள் எழுந்து போய்த் தாளைப் பிடித்து இழுத்தாள். ஒரு மூலை கிழிந்து டிவியிலேயே நின்றது. திரையில் அந்தப் பொம்பளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள். பாலம்மாள் அவளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல.

"எம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே... அறுதலி வேசம் போட்டுல்லா என் வீட்டுக்குள்ள நடந்திருக்கா! அதான் அவனுக்குச் சித்திரையில மஞ்சக்காமாலை வந்துச்சு!"

"எனக்குத் தெரியாது அத்தை," என்றாள் அக்கா. உண்மையிலேயே அவள் முகம் வெளிறியிருந்தது.

அம்மா அழ ஆரம்பித்தாள். ஞானதுரை மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வைகுண்டராஜ் மாமா சமாளித்தார். தெரியாமல் நடந்தது, இப்போதே சேலையை மாற்றட்டும், அந்தச் சனியனைத் தீயில் போடட்டும், ஆண்டாள் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வரட்டும் என்றார். பாலம்மாள் ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டு, சரி என்றாள்.

"ஏட்டி, போயி மாத்திட்டு வா," என்றாள் அம்மா.

அக்கா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொழுந்தன் பேனாவை நீட்டினான். அந்தப் பொம்பளை வாங்கி மேஜையில் வைத்துவிட்டாள்.

"மாத்தல," என்றாள் அக்கா. "நான் வரல. என் மிஷினக் குடுங்க."

"மிஷின் என் வீட்டு வாசலத் தாண்டாது," என்றாள் பாலம்மாள். அவர்கள் கிளம்பிப் போனார்கள். அத்தான் மட்டும் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மாமா நாடகம் முடிகிற வரை இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அக்கா கிளம்பி நின்றாள். அதே சேலை, அதே காலர். சேலைக்கு நீலம் போட்டு அலசியிருந்தாள். சந்தனம் துளிகூட மிச்சமில்லை.

"ஏலே பொன்னு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வா. தூக்குறதுக்கு ஆள் வேணும்."

அம்மா வாசலை மறித்தாள். "வேண்டாம்டி. உசுரோட இருக்கவனுக்கு முன்னால போயி இப்படி நிக்காத. பாவம்டி."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதும்மா. இன்னைக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அக்கா அம்மாவைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து முன் சீட்டுக் கம்பியில் ஒட்டினாள். நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தான் கெட்டவர் இல்லை. போன பொங்கலுக்கு எனக்கு வாட்ச் வாங்கித் தந்தவர். தூக்கமில்லாத கண்ணில் வெயில் குத்தியது. இறங்கி நடந்தேன்.

கடையும் வீடும் ஒட்டி ஒட்டி. கடை வாசலில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் குடம் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் அக்காவைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் போலிருந்தது. அவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

பாலம்மாள் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "உள்ள வராத! அங்கனயே நில்லு!"

"வரல அத்தை. மிஷின் வந்துட்டா நான் போயிருதேன்."

"தர மாட்டேன்."

"சரி. அப்பம் நிக்கேன்." அக்கா தெருவில், கடைக்கு நேராக நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இன்னைக்கு நிக்கேன். நாளைக்கும் வாரேன். முகூர்த்த நாள் பாத்து வாரேன்."

எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பழக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நின்றார். ஒருத்தி இன்னொருத்தியிடம், "பாத்திரக்கடைக்காரருக்கு என்னட்டி ஆச்சு? நேத்துப் பாத்தனே, நல்லாத்தான் இருந்தாவ," என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. பாலம்மாள் காதிலும் விழுந்தது. அவள் வாய் கோணியது.

"ஏலே சௌந்தரம்! எடுத்து வெளிய போடுலே அத!"

அத்தான் கல்லாவை விட்டு இறங்கி உள்ளே போனார். இழுக்கிற சத்தமும் எங்கேயோ இடிக்கிற சத்தமும் கேட்டன. மிஷினைத் தலையோடும் ஸ்டாண்டோடும் ஒன்றாகத் தூக்கப் பார்த்திருக்கிறார். வாசலுக்கு வந்து, "வரமாட்டேங்கு," என்றார். அவர் விரலில் ரத்தம் கசிந்தது.

"கழத்தணும். உங்களுக்குத் தெரியாது," என்றாள் அக்கா.

பாலம்மாள் தெருவைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். "வந்து கழத்திட்டுத் தொலை. எதையும் தொடாத."

நாங்கள் உள்ளே போனோம். மிஷின் பின்கட்டில், வெங்காயக் கூடைக்குக் கீழே இருந்தது. அக்கா கூடையை இறக்கி வைத்தாள். தோல் பெல்டைத் தள்ளிவிட்டு, அடியில் இரண்டு திருகைத் தளர்த்தி, தலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கனம். ஸ்டாண்டை அவளும் அத்தானும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தார்கள். நடையில் வரும்போது அத்தான் தணிந்த குரலில் பேசினார்.

"நீ நியூஸ் வாசிக்கவுக மாதிரி இருந்தியே ரத்தினம்."

"அவ இப்பம் வேற மாதிரி கட்டுதா," என்றாள் அக்கா. "முடிய வெட்டிட்டா. நீங்கதான் பாக்கல."

"நான் செத்துப் போகணும்னா நெனைக்க?"

அக்கா ஸ்டாண்டைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "இல்ல. நீங்க நல்லா இருக்கணும். விரலுக்கு மஞ்சள் வையுங்க."

பிறகு அவளே ஸ்டாண்டை இழுத்துப் படியில் இறக்கினாள். இரும்புக் கால்கள் ஒவ்வொரு படியிலும் முட்டின. அத்தான் நடையிலேயே நின்றுவிட்டார். பாலம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு தயாராக இருந்தாள். அக்கா கடைசிப் படியை விட்டு இறங்கியதும் பாலம்மாள் அதை வாசலில் வீசிக் கொட்டினாள். தண்ணீர் அக்காவின் சேலைக்கரையை நனைத்தது. அவள் திரும்பவில்லை. பஸ் டாப்பில் ஏற்றக் கயிறு வேண்டுமே என்று என்னிடம் சொன்னாள்.

எங்களுக்குப் பின்னால் வாசல் கதவுகள் இரண்டும் அடித்துச் சாத்திக்கொண்டன. தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாதென்று சாவியும் இரண்டு சுற்றுச் சுற்றியது.