மீனைத் திருப்பிப் போட்டேன்

எங்கள் முதல் படகை என் புருஷன் சுய்-சாங் புகைத்துத் தீர்த்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் அவனுக்குத்தான் இருக்க வேண்டும். லிண்டின் தீவுப் பக்கம் நின்ற வெள்ளைக்காரக் கப்பல்களிலிருந்து அபின் பெட்டிகளைக் கடத்திவரும் படகுகளில் அவன் துடுப்புப் போட்டான். கூலியில் பாதி அபினாகவே வந்தது. இடுப்பு வலிக்கு என்று ஆரம்பித்தான். பிறகு பாய் போனது, நங்கூரம் போனது, கடைசியில் படகே போனது.

இரண்டாவது படகை வாங்கியது நான். கான்டன் துறையில் ஆள் ஏற்றினேன், கீரைக்கட்டு ஏற்றினேன், பெரிய வீடுகளின் கழிவுத் தொட்டியைக்கூட ஏற்றினேன். அந்தப் படகின் பாய்மரத்தில்தான் சுய்-சாங்கைக் கட்டிப்போட்டு அபினை மறக்க வைத்தேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான். நான் சொன்ன பதிலைக் கேட்டுப் பக்கத்துப் படகுக்காரர்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

நாங்கள் தண்ணீர் ஜனம். கரையில் குடிசை போட்டால் பிய்த்து எறிவார்கள். கடைத்தெருவுக்குப் போனால் வெறுங்காலோடு போக வேண்டும், எங்கள் காலில் ஆறு விரல் என்று சொல்லிக் கரைப் பிள்ளைகள் குனிந்து எண்ணிப் பார்ப்பார்கள். எங்களுக்குப் பிறப்பும் சாவும் படகில்தான். அதனால் படகு எனக்கு என்ன என்று யாரும் விளக்கம் கேட்க வேண்டாம்.

அரசாங்கம் வெள்ளைக்காரனின் அபினைப் பிடுங்கிச் சுண்ணாம்பில் கரைத்துக் கடலில் விட்டது. அதற்கு நஷ்டஈடு கேட்டு அவன் பீரங்கியோடு வந்துவிட்டான். என் முதல் படகுக்கு நஷ்டஈடு கேட்க என்னிடம் பீரங்கி இல்லை.

ஆற்று முகத்தைக் காத்த புலிவாய்க் கோட்டைகள் வெள்ளைக்காரனிடம் விழுந்த பிறகு, எங்கள் கிளையாற்றை அடைக்க ஹான் என்ற படை அதிகாரி வந்து சேர்ந்தார். ஆற்றின் குறுகலான இடத்தில் படகுகளில் கருங்கல்லை நிரப்பி வரிசையாக முக்குவது அவருடைய யோசனை. எந்தப் படகு என்று கேட்க வேண்டுமா, எங்கள் படகுகள்தான். மற்றவை எல்லாம் முழுகி அணையாகிவிட்டன, என் படகு வரிசையில் கடைசி. ஆட்கள் கல்லை ஏற்றினார்கள், தச்சன் அடிப்பலகையில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதைக் கட்டையால் அடைத்து, எண்ணெய்ப் பிசின் பூசினான். முக்குகிற வேளையில் கட்டையைப் பிடுங்கினால் போதும்.

"படகு போனா நாங்க எங்கய்யா இருக்கறது?" என்று கேட்டேன்.

"தண்ணில பொறந்தவங்களுக்கு இடமா இல்ல? பேரரசருக்காகக் குடுக்கறோம்னு சந்தோஷப்படு," என்றார் ஹான்.

"சரிங்கய்யா. பேரரசர் எந்தப் படகக் குடுத்தாரு?"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மறுநாள் விடியலில் காவலர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நாங்கள் ஓடிவிட்டோம். மேலே போக வழியில்லை, படகுகள் தப்பாமலிருக்க ஹான் போட்ட சங்கிலி குறுக்கே கிடந்தது. அதனால் கீழே கடலை நோக்கிப் போனோம். பின்னால் அணையில் ஒரு படகு நீளத்துக்கு இடைவெளி விழுந்து கிடந்தது. அது எங்கள் இடைவெளி. அதைப் பற்றி அப்போது நான் கவலைப்பட்டேன் என்று சொன்னால் பொய். சுய்-சாங்தான் கல்லை ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டுக்கொண்டே புலம்பினான்.

"கம்-தோ மேலதான இருக்கா. பச்சை உடம்புக்காரி."

கம்-தோ எங்கள் மகள். அணைக்கு மேலே, தேக்கத்தில் கட்டிக் கிடந்த படகுக் கூட்டத்தில், பிள்ளை பெற்றுக் கிடந்தாள். அவளுக்காகப் பன்றிக்கால் போட்டு இஞ்சிக் காடி காய்ச்சி என் அடுப்படியில் ஜாடியில் வைத்திருந்தேன்.

"வாய மூடிட்டுக் கல்லத் தள்ளுய்யா," என்றேன்.

பாதிக் கல்கூடத் தள்ளி முடியவில்லை. வளைவு திரும்பியதும் வெள்ளைக்காரனின் புகைக் கப்பல் எதிரே நின்றது. இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் கரியைக் கக்கும் குழாய். இரண்டு சிவப்புச் சட்டைச் சிப்பாய்களும் மக்காவ்காரத் துபாஷி ஒருவனும் எங்கள் படகில் குதித்தார்கள். துபாஷியின் பெயர் யிக். பட்டுத் தொப்பி, மெல்லிய விரல்கள், எங்கள் பேச்சையே கொஞ்சம் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவது போலப் பேசினான்.

"அணையில ஒரு வழி விட்டிருக்காமே, அதக் காட்டணும். நீ முன்னால போ, கப்பல் உன் பின்னாலயே வரும். வெள்ளி தருவாங்க."

"மேல என்ன இருக்குன்னு போறாங்க? வெறும் படகுங்கதான்."

"அதான். போன வாரம் கீழாத்துல கொளுத்துன மாதிரி கொளுத்திட்டா ஹானுக்குக் கல்லு ஏத்த படகே இருக்காது. நீ ஏன் மூஞ்சியத் தூக்குற? கரையில கால் வைக்க விடாதவனுக்காக நீ அழுவியா?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஹானுக்காகவும் பேரரசருக்காகவும் என் கண்ணில் ஒரு சொட்டு வராது. ஆனால் அவன் கொளுத்தப் போகிற கூட்டத்தில் நடுவே என் மகள் படுத்திருந்தாள். அவர்கள் நுழையப் போகிற வழியோ நான் திறந்துவிட்டு வந்த வழி.

"இது என்ன கல்லு?" என்று யிக் அடித்தட்டை எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"பாரம். காலிப் படகு காத்துல ஆடும்," என்றேன். தலையை ஆட்டிச் சிப்பாய்களுக்கு அவர்கள் பாஷையில் சொன்னான். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஓட்டையை அடைத்த கட்டையின் மேல் சுய்-சாங் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டான், ஓட்டையோடு பிடிபட்டால் சிப்பாய்களுக்கு ஆயிரம் கேள்வி வரும் என்ற பயத்தில்.

கப்பலுக்கு ஆழம் போதவில்லை. நீர் ஏறும்வரை அணைக்குக் கீழே காத்திருக்க வேண்டும். கரையில் ஹானின் காவலர்களைக் காணோம், புகையைக் கண்டதுமே ஓடியிருப்பார்கள். யிக்குக்குப் பசி. நான் ஒரு முழு மடவையை இஞ்சியும் கருப்பு மொச்சையும் போட்டு ஆவியில் வேகவைத்தேன். என் கை வேலை செய்தது, தலைக்குள் ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. சுய்-சாங்கிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆனால் நான் எதைச் சொன்னாலும் யிக்குக்குப் புரியும்.

தட்டை நடுவில் வைத்தேன். யிக் மேல்பக்கச் சதையை ஒழுங்காக, படித்தவன் தின்பது போல, தின்று முடித்தான்.

படகில் யாரும் மீனைத் திருப்பிப் போட மாட்டோம். மேல்பக்கம் தீர்ந்தால் முள்ளை உருவி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைத் தின்போம். மீனைத் திருப்பினால் படகு கவிழும். குடிகாரன்கூட இதில் தப்புப் பண்ண மாட்டான். கம்-தோ சின்னதாக இருந்தபோது ஒருமுறை திருப்பப் போய், கையில் நான் போட்ட அகப்பைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சுய்-சாங்கின் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு குச்சிகளால் மீனைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் போட்டேன்.

அவன் கையிலிருந்த கிண்ணம் நழுவியது.

"என்னய்யா, கை நடுங்குது?" என்றான் யிக்.

"பழைய அபின்காரன். அப்படித்தான் நடுங்கும்," என்றேன்.

யிக் சிரித்துக்கொண்டே அடிப்பக்கத்தைத் தின்றான். நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னான். சுய்-சாங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் படகுக்காக நான் சுமந்த தொட்டிகளின் நாற்றம் அவனுக்குத் தெரியும். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று அவன் கண் கேட்டது. நான் இன்னொரு தடவை மீனைத் திருப்பினேன்.

நீர் ஏறியது. கப்பல் ஊதியது. நான் பின்துடுப்பில் நின்று படகை இடைவெளிக்குள் விட்டேன். புகைக் கப்பல் எங்கள் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தது. சரியாக நடுவில், இரண்டு பக்கமும் முழுகிக் கிடந்த அண்டைவீட்டுப் படகுகளின் பாய்மர நுனிகள் தெரிந்த இடத்தில், முழு பலத்தோடு துடுப்பை அழுத்திப் படகைக் குறுக்கே திருப்பினேன்.

"என்ன பண்ற?" என்று யிக் எழுந்தான்.

"புடுங்குய்யா," என்றேன்.

சுய்-சாங் பிடுங்கினான். ஆறு உள்ளே வந்தது. மீதியிருந்த கல் மிச்ச வேலையைப் பார்த்தது. சிப்பாய்கள் கப்பலைப் பார்த்துக் கத்திக்கொண்டே பூட்ஸோடு குதித்தார்கள், கப்பலிலிருந்து கயிறு போட்டு அவர்களை இழுத்துக்கொண்டார்கள். கப்பலின் சக்கரங்கள் பின்பக்கமாகச் சுற்றிச் சேற்றைக் கலக்கின. யிக்குக்கு நீந்தத் தெரியவில்லை. என் பேரனுக்கென்று வைத்திருந்த சுரைக்குடுக்கையை அவனிடம் எறிந்தேன். தண்ணீரில் விழுந்தால் மிதக்க எங்கள் குழந்தைகள் முதுகில் கட்டுவது அது. கட்டிப்பிடித்துக்கொண்டான். துப்பாக்கிச் சத்தம் கேட்டது, நாங்கள் முழுகி நாணலுக்குள் எழுந்தோம். சுய்-சாங்கின் காது மடலில் கொஞ்சம் போயிருந்தது. நீர் வடியத் தொடங்குமுன் கப்பல் வந்த வழியே போனது.

என் படகின் பாய்மரம் ஒரு முழம் வெளியே நின்றது. இஞ்சிக் காடி ஜாடி உள்ளே. அதைப் பார்த்து நாணலில் உட்கார்ந்து அழுதேன். அழாமல் இருந்தேன் என்று பெருமை பேச மாட்டேன். சுய்-சாங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அதுவும் நல்லதுதான்.

கரையொதுங்கிய பாயையும் மூங்கிலையும் வைத்து அங்கேயே, அணைக்கு நேர் எதிரே கரையில், காய்ந்த மண்ணில் ஒரு குடிசை போட்டோம். மறுநாள் காலை ஹான் ஆட்களோடு வந்தார். தன் அணை தன் புத்தியால் அடைபட்டது என்று அதற்குள் மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"தண்ணி ஜனம் கரையில தங்கக் கூடாது. தெரியாதா உனக்கு? பிரி இத."

"தெரியும்யா. நாங்க படகுலதான் இருக்கணும்." பாய்மர நுனியைக் காட்டினேன். "எங்க படகு அங்க கிடக்கு. தூக்கிக் குடுங்க, இப்பவே போயிடறோம்."

ஹான் பாய்மரத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால், கீழே வளைவுக்குப் பின்னால் இன்னும் எழுந்துகொண்டிருந்த கப்பல் புகையைப் பார்த்தார். அவருடைய ஆட்களில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

"தூக்கலியா? அப்ப குனிஞ்சு என் கால் விரல எண்ணிட்டுப் போங்க," என்றேன்.

அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. போய்விட்டார்.

அன்று மதியம் கம்-தோவின் புருஷன் ஒரு மீன் கொண்டுவந்து கொடுத்தான். ஆவியில் வைத்து, தரையில் உட்கார்ந்து, மேல்பக்கத்தைத் தின்றோம். நான் குச்சியால் மீனைத் திருப்பிப் போட்டேன். சுய்-சாங் பதறி என் கையைப் பிடித்தான்.

"விடுய்யா," என்றேன். "தரை கவிழாது. சாப்பிடு."