ஆளில்லாக் கரையின் உயர்ச்சி

மனிதன் கண்டெடுத்த கலைகள் எல்லாம் நதிகளாக ஓடிக் கடைசியில் கலக்கும் கடல் ஒன்று உண்டென்றால் அது வீடியோ கேம்தான்; அதன் ஆழம் அறிந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு இரண்டு பேர் பிறந்தாலே அதிகம். அந்த இருவரில் ஒருவர் அன்று காலை ஒரு தபால்காரரின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்.

இன்னொருவர் யார் என்று பல் டாக்டருக்குத் தெரியாது. அவர் தேடவும் இல்லை.

"துப்பாக்கி வர்ற கேமை மட்டும் தொட்டுடாதீங்க சார்," என்றார் டாக்டர், குடையும் கருவியின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி. "அது கலை இல்ல, கசாப்பு."

தபால்காரர், "ஆ," என்றார்.

"ரேஸ் கேமும் வேண்டாம். சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு சார் காரு?"

"ஆ... ஆ..."

"அதேதான். நீங்க ரசிகர்."

உலகத்தில் கருத்துச் சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை; கேட்பவர்களுக்குத்தான் பஞ்சம். எதிராளி வாயைப் பிளந்தபடி இருக்க வேண்டும், ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாது என்ற பாக்கியம் பல் டாக்டர்களுக்கு மட்டுமே வாய்த்தது. அதை நம் டாக்டர் வீணாக்குவதில்லை. சொத்தையோடு வந்தவர்கள் சொத்தை போய்க் கருத்தோடு திரும்பினார்கள். கருவிகளை எடுத்துத் தரும் நர்ஸ் மட்டும் காதில் பஞ்சு வைத்திருந்தாள். கேட்டால் சளி என்பாள்.

டாக்டரின் ரசனை இந்த உச்சிக்கு ஒரே நாளில் ஏறிவிடவில்லை. முதலில் துப்பாக்கி ஆட்டம்தான் ஆடினார். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் செத்துப்போனார். கால்பந்தில் அவர் அணி போட்ட கோல்கள் எல்லாம் அதன் சொந்த வலையில் விழுந்தன. பண்ணை ஆட்டத்தில் ஆடுகளுக்குத் தீனி வைக்க மறந்தார். ஆடுகள் பட்டினியில் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் வெளியேறும்போது அந்த வகை ஆட்டமே மட்டமானது என்று அவருக்கு விளங்கிவிடும். இப்படி ஒவ்வொன்றாக மட்டமாகிப்போனதில் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் பெயர் 'ஆளில்லாக் கரை'.

அதில் ஒரு கடற்கரை. மூடுபனி. நீளக் கோட்டுப் போட்ட ஒல்லியான ஆள் ஒருவன். உடைந்த படகு ஒன்று, கொஞ்சம் சிப்பிகள், தூரத்தில் ஒரு மதிலும் மரக்கதவும். அந்த ஆள் நடப்பான், குனிவான், சிப்பியை எடுப்பான், திரும்ப வைப்பான். எதிரி கிடையாது, புள்ளி கிடையாது. அதனால் தோல்வியும் கிடையாது.

"மூணு வருஷமா ஆடறேன் சார். ஒரு ஈ காக்காயைக்கூடப் பாக்கல," என்பார் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு. கருவி நோயாளியின் வாய்க்குள் இருக்கும்போது அவர் கண்ணை மூடுவதை நோயாளிகள் விரும்பவில்லை. "அந்த வெறுமை இருக்கே, அதான் தத்துவம். கட்டாயம் ஆடிப் பாருங்க."

ஒருவரும் ஆடிப் பார்க்கவில்லை. அங்கேதான் சிக்கல்.

டாக்டரின் மனைவி, மருத்துவமனைக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவள். வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு கேம் பெட்டியின் இடத்தில் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

"கலை இருக்கற இடத்துல மீனா?" என்றார் டாக்டர்.

"மீனாவது நகரும்."

"என் அபிப்பிராயத்தைக் கேக்கறதுக்குன்னே பேஷண்ட் வர்றாங்க, தெரியுமா?"

"பல்வலியில வர்றவங்க, பாவம், வேற எங்க போவாங்க?" அவள் ரசீதுக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டாள். "சரி, ஒரே ஒரு ஆளு. உங்க பேச்சைக் கேட்டு இல்ல, தானா விளையாடிப் பாத்த ஒரே ஒரு ஆளு, எங்கிட்ட வந்து 'நல்லாருக்கு, எல்லாரும் விளையாடலாம்'னு சொல்லட்டும். பெட்டி அங்கயே இருக்கட்டும். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள. இல்லன்னா பெட்டி பரணுக்கு, தொட்டி ஹாலுக்கு."

தொட்டி மறுநாளே வந்து ஹாலில் காத்திருந்தது. மீன் மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை, வீங்கிய கன்னத்தோடு சகலை வந்தார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர், தொழில் வக்கீல். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் அவர் வந்தபிறகு இன்னொருவர் பேசியதாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபோது டாக்டருக்கு ஏற்பட்ட ஆனந்தம் மருத்துவம் சார்ந்தது அல்ல.

ஊசி போட்டார். ரூட் கேனல். உதடு மரத்துப்போயிற்று.

பழைய புலவர்கள் இதழகல் என்று ஒரு வித்தை செய்வார்கள். உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட வராமல் பாட்டுக் கட்டுவது. வக்கீலும் அன்று அந்தப் புலவர் வரிசையில் சேர்ந்தார். ப, ம, வ மூன்றும் அவர் வாயைவிட்டுப் போய்விட்டன. "விடுங்க" என்று அவர் கெஞ்சியது "இடுங்க" என்று வந்தது. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். "போதும்" என்று அலறியது "ஓது" என்று வந்தது. டாக்டர் மேலும் ஓதினார்.

"ஆளில்லாக் கரைன்னு ஒரு கேம் சகலை. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

வக்கீல் தலையை ஆட்டினார்.

டாக்டரின் கை நின்றது. "விளையாடியிருக்கீங்களா? நீங்களா?"

வக்கீல் இன்னும் வேகமாக ஆட்டினார்.

மூன்று வருடத்தில் முதல் ஆள்! அதுவும் சொந்தத்தில்! "அந்தக் கரை," என்றார் டாக்டர், குரல் தழுதழுக்க. "அதைப் பத்தி என்ன நினைக்கறீங்க? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

வக்கீல் பஞ்சுக்கு நடுவிலிருந்து ஏதோ சொன்னார். டாக்டரின் காதில் விழுந்தது இதுதான்: "அது உயர்ச்சி."

உயர்ச்சி! மூன்று வருடமாகத் தொண்டை வரை வந்து சிக்கிக்கொண்டிருந்த சொல் அல்லவா அது! அன்று பின்னால் வந்த நோயாளிகள் அத்தனை பேரும் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வாய் கொப்பளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சகலையும் மைத்துனியும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வக்கீலின் வீக்கம் வடிந்திருந்தது. பேச்சு வட்டியோடு திரும்பியிருந்தது. கை கழுவி எல்லோரும் ஹாலுக்கு வந்ததும் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"சாட்சி வந்தாச்சு. கேட்டுக்கோ."

மனைவி நேராகவே கேட்டாள். "தம்பி, இவரு சொல்ற அந்தக் கேமை நீங்க விளையாடினீங்களா? நல்லாருக்கா?"

"பிரமாதம் அக்கா! வாய்தா வாங்கிட்டு வாய்தா வாங்கிட்டு ரெண்டு தடவ முடிச்சேன். எல்லாரும் ஒரு தடவையாவது விளையாடிப் பாக்கணும்."

மனைவி காலித் தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "சரி. சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டி இருக்கட்டும்."

வழக்கு வெற்றி. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருக்கும் வரம் வேண்டும். பிறர் வாயைத் திறந்தே பழகிய டாக்டருக்கு அது இல்லை.

"அந்த வார்த்தையையும் சொல்லுங்க சகலை. அவ காது குளிரக் கேக்கட்டும்."

"எந்த வார்த்தை?"

"அன்னிக்கு நாற்காலியில சொன்னீங்களே. கரையைப் பத்தி. உயர்ச்சின்னு."

"உயர்ச்சியா?" வக்கீல் புருவத்தைச் சுருக்கினார். "பயிற்சின்னேன் சகலை. நீங்க போட்ட ஊசிக்கு என் உதடு எங்க ஒட்டுச்சு?"

"பயிற்சின்னா?"

"ஆரம்பப் பயிற்சி. எப்படி நடக்கணும், எப்படிக் குனியணும், பொருளை எப்படி எடுக்கணும், வைக்கணும். பழகினதும் கதவைத் தொறந்துட்டு வெளிய போனா கேம் ஆரம்பிக்கும். எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு."

"எந்தக் கதவு?"

"அந்த மரக்கதவு."

"அது குறியீடு, சகலை."

"அது கதவு, சகலை."

மைத்துனிக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. "மூணு வருஷமா வாசல்லயே நின்னுட்டிருந்தீங்களா மாமா?"

"நான் போகல," என்றார் டாக்டர் கம்பீரமாக. "போகக் கூடாதுன்னு இருந்தேன்."

வக்கீலுக்குக் குறுக்கு விசாரணை என்றால் சாப்பாட்டுக்குப்பின் வெற்றிலை மாதிரி. "போகக் கூடாதுன்னா, முடியலையா? ஆமா இல்லன்னு சொல்லுங்க. கதவுல தோளால இடிச்சீங்களா?"

"ஆரம்பத்துல... ஒரு மூணு வாரம்."

"பொத்தானைத் தட்டினீங்களா, அழுத்திப் பிடிச்சீங்களா?"

பிடிக்க வேண்டும் என்று டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. திரையில் எழுத்தில் சொன்னார்கள்; எழுத்து வந்தால் மூடுபனியின் அழகு கெடுகிறது என்று அதை முதல் நாளே நிறுத்திவைத்திருந்தார்.

"அப்போ அக்கா," வக்கீல் மனைவியின் பக்கம் திரும்பினார், "நான் நல்லாருக்குன்னு சாட்சி சொன்னது கேமுக்கு. இவரு ஊரெல்லாம் சிபாரிசு பண்ணது வாசப்படிக்கு. ரெண்டும் வேற வேற வழக்கு. தீர்ப்பு செல்லாது."

"நீங்க யாரு பக்கம் சகலை?" என்றார் டாக்டர் பரிதாபமாக.

"ரூட் கேனல் பண்ணிக்கிட்ட பக்கம்."

மனைவி எழுந்தாள். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் உள்ள போய் எல்லாருக்கும் காபி போட்டு எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அந்தக் கதவுக்கு வெளிய நீங்க உயிரோட இருங்க. இருந்தீங்கன்னா பெட்டி ஹால்லயே கிடக்கட்டும், நான் இனிமே மீன் பேச்சே எடுக்கல."

"இவ்வளவுதானா?" என்றார் டாக்டர். "மூணு வருஷ அனுபவம் எனக்கு. நடக்கறதுல, குனியறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

பெட்டியை இயக்கினார். கோட்டுக்காரனைக் கதவுவரை நடத்திப் போனார். உண்மையில் நன்றாகவே நடத்தினார், வக்கீலே தலையசைத்தார். பொத்தானை அழுத்தினார். விடாமல் பிடித்தார்.

கதவு திறந்தது.

மூடுபனி இரண்டாகப் பிரிந்து விலகியது. இதுவரை அவர் கேட்டிராத ஒரு இசை எங்கிருந்தோ கிளம்பியது. பச்சைப் பசேலென்று புல்வெளி, அதற்கப்பால் ஒரு குளம், கூரைகளில் புகை, காற்றில் ஆடும் துணிகள், தூரத்தில் கையசைக்கும் மனிதர்கள். இத்தனையும் ஒரு பலகைக்கு அந்தப்பக்கம் மூன்று வருடமாக இருந்திருக்கிறது. சமையலறைக்குப் போகக் கிளம்பிய மனைவிகூட வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"அட! அழகாத்தாங்க இருக்கு," என்றாள்.

"பாத்தியா? நான் சொல்லல?" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். குளத்தின் பக்கமிருந்து ஏதோ ஒன்று புல்லுக்குள் வேகமாக வந்தது.

"மாமா! முன்னாடி பாருங்க!" என்று மைத்துனி கத்தினாள்.

அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. கோட்டுக்காரன் மல்லாந்து கிடந்தான். அவனைக் கொன்றது ஒரு வாத்து.