நான்காவது தும்மல்

ஃபெஸ் நகரின் பழைய சந்துகளில் பக்கத்து வீட்டாரின் பிரார்த்தனைக்கு விலை ஒரே ஒரு சொல். தும்மியவர் இறைவனைப் புகழ்ந்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று காதுகேட்கச் சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள் அத்தனை பேரும் ‘அல்லாஹ் இரங்கட்டும்’ என்று கொடுத்தாக வேண்டும். செருப்புக் கடையில் முப்பது வருடம் பேரம் பேசியே பிழைத்த மஹ்ஜூபுக்கு, வாய்த்தகராறு இல்லாமல் முடியும் வியாபாரம் ஊரில் அது ஒன்றுதான் என்று தோன்றும்.

நோய் வந்து ஊரைப் பூட்டிய வசந்தத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அடுத்த மாடிக்காரம்மா லல்லா ஜுஹூர் நாரத்தம்பூக்களை விரிப்பில் பரப்பி, செப்புப் பானையில் காய்ச்சி, பூநீர் வடிப்பார். ஒவ்வொரு ஏப்ரலிலும் மஹ்ஜூப் தும்முவார். சந்து முழுக்கச் சிரித்துக்கொண்டே ‘அல்லாஹ் இரங்கட்டும்’ என்னும். இந்த ஏப்ரலில் வாசம் வந்ததுமே அவர் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“பூவுக்குத் தும்முற ஆளுதானே நீங்க, இன்னைக்கா நேத்தா?” என்றாள் மனைவி ரகியா.

“இத்தன வருஷமா அது பூ. இந்த வருஷமும் பூதான்னு யாரு எழுதிக் குடுப்பா?”

“மெத்தை பாவம். அதுக்குத்தான் முதல்ல காய்ச்சல் வரப்போகுது.”

சந்துக்கோடியில் சாயக்காரர் புஷ்தாவை வெள்ளை வண்டி ஏற்றிக்கொண்டு போனதை மஹ்ஜூப் பார்த்திருந்தார். பத்தே நாளில் மனிதர் நலமாகத் திரும்பிவிட்டார். ஆனால் அவர் வீட்டு வாசல் வந்ததும் எல்லோரும் எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு நடந்தார்கள். உரசிய தோள்களில் மஹ்ஜூபுடையதும் ஒன்று. அந்தச் சுண்ணாம்பு இன்னும் அங்கியில் ஒட்டியிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

கிழமைகள் ஒன்றோடொன்று கரைந்தன. கண்ணை மூடினால், பூட்டிய கடையிலிருந்து மஞ்சள் செருப்புகள் ஜோடி ஜோடியாக இறங்கி, கால்களே இல்லாமல் சந்துக்குள் வந்தன. ஒவ்வொரு கதவிலும் மூக்கை வைத்து மோந்தன. அவர் கதவருகே வந்ததும் நின்றன. விழித்தால் அறையெங்கும் பூவாசம். மூக்கின் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு தும்மல்.

நோன்பு மாதத்தின் இரண்டாம் நாள் மாலை. அவரவர் மொட்டைமாடியில், கையில் பேரீச்சம்பழத்துடன், சந்தே நோன்பு திறக்கும் பாங்கோசைக்காகக் காத்திருந்தது. வெளிச்சம் தேன்போல மாடிகளில் வழிந்தது. ஈரப்பூக்களின் மேல் நடந்து வந்த காற்று நேராக மஹ்ஜூபிடம் வந்தது. பக்கத்தில் மெத்தை இல்லை.

தும்மினார்.

மாடிகள் எல்லாம் திரும்பின. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“மஹ்ஜூப் ஐயா, அந்தச் சொல்லச் சொல்லித் தொலைங்களேன்,” என்றார் கைப்பிடிச் சுவருக்கு அப்பாலிருந்து ஜுஹூர். “மூணு வாரமா மெத்தைக்குள்ள தும்முறீங்க. எங்க சுவரு ஒங்க மெத்தையவிட மெலிசு.”

“கேட்டுச்சா?”

“கேக்காம? நீங்க சொன்னாத்தானே நாங்க குடுக்க முடியும்? நாங்களா ஆரம்பிச்சா ஒங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு நாக்கக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் மஹ்ஜூப், திருடிய பொருளைத் திருப்பி வைப்பவர்போல.

நான்கு மாடிகளிலிருந்து இரக்கம் வந்து விழுந்தது. இரண்டாவது தும்மலுக்கும் வந்தது, மூன்றாவதுக்கும். எல்லாவற்றிலும் உரத்த குரல் சந்துக்கோடியிலிருந்து, சாயக்காரர் மாடியிலிருந்து.

பிறகு நான்காவது.

மூன்றுக்குமேல் ஆசி கிடையாது. நான்காவதுக்கு ‘உமக்குச் சளி’ என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். மற்ற வருடங்களில் அது கேலி. இந்த வருடம் அது தீர்ப்பு.

“மூணு,” என்றார் புஷ்தா.

“நாலு,” என்றார் மஹ்ஜூப். ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

“கடைய மூடினப்புறமாவது ஒழுங்கா எண்ணுறீங்களே, சந்தோஷம். ஆனா மூணுதான். கடைசியா தும்முனது எங்க வீட்டுப் பூனை.”

“ஒங்க வீட்ல பூனை ஏதுண்ணே?”

“எங்க வாசப்பக்கம் வந்தே ஒரு மாசம் ஆச்சு நீங்க. பூனை வந்துச்சா, யானை வந்துச்சா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

யாரோ சிரித்தார்கள். மஹ்ஜூப் சிரிக்கவில்லை. “தப்புதாண்ணே,” என்றார் மெதுவாக. அத்தனை மாடிகளைத் தாண்டி அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் பாங்கு எழுந்து ஊரை மூடியது. அவர் பழத்தைக் கடித்தார், மறுபடியும் தும்மினார்.

ஆக அன்று மாலை தும்மல் ஐந்து. ஆசி பெற்றவை மூன்று. இல்லாத பூனையின் பெயரில் ஒன்று. பாங்கில் கரைந்தது ஒன்று. புஷ்தாவின் வாசலில் மஹ்ஜூப் சொல்லாமல் விட்ட ஸலாம், நாளுக்கு ஒன்றாக முப்பத்தொன்று. அது அப்படியே பாக்கி.