இருபத்து நான்கு மணி நேரப் போத்தல்

1

"அம்மா, அந்தப் பாட்டி ஏன் ஒண்ணுக்குப் போத்தல கட்டிப் புடிச்சிருக்காங்க?"

மலேசியாவில், மாசாய் ஊரின் ஒரு கிளினிக்கில் ஐந்து வயதுப் பிள்ளை கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. அந்த அம்மாளுக்கு ராசம்மா என்று நானே பெயர் வைத்தேன். போத்தலில் இருந்தது அவர் கணவர் ஐயாசாமியின் சிறுநீர் என்பதும் என் கற்பனைதான்.

2

ஐயாசாமியின் சிறுநீரகங்கள் பழைய சல்லடையைப் போல

வேண்டாம். எழுபத்தொன்பது வயதுக்காரரின் உடம்பில் உவமை தேடுவது மரியாதையல்ல. அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தர வேண்டும். சிறுநீரகத்தின் பலத்தைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வார்கள்.

"ரத்தத்துல பாத்தா கிட்னி நல்லா இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது," என்றார் டாக்டர் திவாகரன். "நான் நம்பலம்மா. சதையிலேர்ந்து வர்ற கழிவ வெச்சுத்தான் அது கணக்குப் போடுது. ஐயா உடம்புல சதை எங்க இருக்கு?"

"பாதி, வெட்டுன காலோட போச்சு டாக்டர். மிச்சத்த இவ சமையல் பாத்துக்கிச்சு," என்றார் ஐயாசாமி.

"ஒரு நாள் முழுக்கப் போற ஒண்ணுக்க ஒரு சொட்டு விடாம புடிச்சுக் கொண்டாங்க."

[முதலில் எழுதியபோது டாக்டர், "கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல," என்றும் சொன்னார். கதை நல்லபடியாக முடிந்துவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அவருக்கு ஏது நேரம்?]

3

போத்தலின் முடிவும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றே வந்தது. முழு அளவு மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஐயாசாமி இரத்த வாந்தி எடுத்தார்.

வார்டில் டாக்டர் கேட்டார்: "அம்மா, அந்தப் போத்தல்ல இருந்தது எல்லாம் ஐயாவோடதுதானா? நாளைக்கு மறுபடியும் மருந்து ஆரம்பிக்கணும். அந்த நம்பர நம்பலாமா?"

கதையின் ஒரு முடிவில் ராசம்மா உண்மையைச் சொல்கிறார்; அளவைக் குறைக்கிறார்கள். இன்னொன்றில், கணவரைத் தானே இந்தக் கதிக்கு ஆளாக்கினோம் என்ற நினைப்பில், நம்பலாம் என்று தலையாட்டிவிடுகிறார். இரண்டையும் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். சிறு அன்புகள் யாரையும் கெடுக்காது என்று இறைவன் பெயரால் நம்பி வந்தவன் நான். ராசம்மா என்ன சொன்னார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

4

சிறுநீர் சேகரித்த நாளன்று மாலை ஐந்து மணி. போத்தல் பாதிகூட நிறையவில்லை. ஐயாசாமி தூங்கிக்கொண்டிருந்தார்.

பாலோவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால் மரம் வெட்டிய காலத்தில், வாளியில் பால் குறைந்தால் எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் ஏசுவார். மூத்த மகன் வயிற்றிலிருக்க, வேலைக்குப் போன ஏழு மாதமும் ராசம்மாவின் வாளி குறையவே இல்லை. எடைக்குப் போகும் வழியில், யாரும் பார்க்காதபோது, ஐயாசாமி தன் பாலை அதில் ஊற்றிவிடுவார். ஏச்சை அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ராசம்மா போத்தலையும் ஒரு காலிக் குவளையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். மனம் நிறைந்திருந்தது. தாழ்ப்பாள் போட்டார்.

நான் வெளியே நின்றுவிட்டேன்.