மேற்குத் தட்டி

ஐயாவின் தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் பேராச்சி. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. வெளியே முப்பிடாதி அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறியது. மறுநாள் காலை கும்பாபிஷேகம். ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது.

"கதவச் சாத்துக்கா," என்றான் தம்பி உச்சிமாகாளி. "காய்ச்சல்ல படுத்திருக்காருன்னு சொல்லுவோம். நாளைக்குத் தண்ணி ஊத்தி முடியட்டும். அப்புறம் கொட்டுமேளத்தோட கோயில் தெரு வழியா ராசா மாதிரிக் கொண்டு போவோம்."

"பொணத்த வீட்ல வச்சிக்கிட்டு அம்மனுக்குத் தண்ணி ஊத்தவா?"

"அவரு எழுப்புன கோயிலுக்கா அது. அவருக்காக ஒருநாள் வளைஞ்சு குடுத்தா என்ன?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. வேப்பமரத்தடியில் மழைக்குக் கரைந்துகொண்டிருந்த மண்பீடம்தான் முதலில் அந்தக் கோயில். ஊரார் அவசரப்பட்டுப் போட்ட சிமெண்டுத் தளம் அம்மன் தலையிலேயே ஒழுகியது. அதை இடித்துக் கல்லில் எழுப்பினார் ஐயா. கோபுர வேலை முடிவதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். வர்ணம் காயும்வரை யார் கண்ணும் படக்கூடாதென்று கோபுரத்தைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டியிருந்தார்கள். அடுத்த வீட்டுக்கும் எட்டும் குரலில் தினமும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"தட்டியப் பிரிச்சிட்டானுவளா?"

"இல்லய்யா." நேற்று ராத்திரியும் அதையேதான் சொன்னாள். அது நெஞ்சில் கிடந்து அறுத்தது.

காப்புக் கட்டியபின் சாவு விழுந்தால் பறை கிடையாது, ஒப்பாரி கிடையாது. பிணத்தை உடனே எடுத்து வாய்க்கால் கரை வழியாகக் கொண்டுபோய்விட வேண்டும். போன கொடைத் திருவிழாவின்போது அடுத்த வீட்டுச் செண்பகத்தின் புருஷன் செத்தான். ஐயாதான் அவள் வாசலில் போய் நின்றார். "சத்தம் வரப்படாது தாயி," என்றார். செண்பகம் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள். அதன்பிறகு அவள் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை.

பேராச்சி கொல்லைக் கதவைத் திறந்தாள். வேலிக்கு அந்தப்புறம் செண்பகம் சட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஐயா போயிட்டாரு."

செண்பகத்தின் கை நின்றது. "காப்புக் கட்டியாச்சேட்டி."

"ஆமா. வாய்க்கால் வழியாத்தான்."

"உன் தம்பி ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்காம என்ன. உங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒண்ணா?"

உள்ளே உச்சிமாகாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். செண்பகம் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தாள். நழுவிய துணியை அவிழ்த்து, ஐயாவின் உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

வாய்க்கால் கரையில் ஆட்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். பேராச்சி முந்தானையைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள், கூடவே செண்பகமும். பெண்கள் மடை வரைக்கும்தான் போகலாம். ஊர் பார்த்து வந்த பிணத்தின் முகத்தைச் சுடுகாடு பார்க்கத் திருப்புவதும் அங்கேதான். பாடையை இறக்கி வைத்தார்கள்.

அந்த இடத்தில்தான் வீடுகளுக்கு மேலே கோபுரம் தெரியும். மற்ற பக்கமெல்லாம் பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. மேற்குத் தட்டி மட்டும் தொங்கியது. இரண்டு பேர் சாரத்தில் நின்று கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்புங்கப்பா, நேரமாவுது," என்றார் ஒருவர்.

செண்பகம் பாடை மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். "பொறுங்க."

"என்னத்துக்கு மதினி?"

"பொறுங்கன்னா பொறுங்களேன்."

செத்தவர் எதைப் பார்க்கப் போகிறார். அது பேராச்சிக்கும் தெரியும். ஆனாலும் அவள் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டி பாதி இறங்கி, ஏதோ ஒரு பொம்மையின் கையில் மாட்டிக்கொண்டது. மேலே நின்றவன் காலால் ஓர் உதை விட்டான். சரசரவென்று சரிந்து விழுந்தது. புத்தம்புது மஞ்சளிலும் பச்சையிலும் வெயில் பட்டது.

கொஞ்சநேரம் கழித்துச் செண்பகம் மூங்கிலை விட்டாள்.

"இப்பத் திருப்புங்க."

திருப்பித் தூக்கினார்கள். ஆட்கள் கருவேலங்காட்டுக்குள் மறையும்வரை பேராச்சி நின்றாள். பிறகு வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். செண்பகம் மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானை அவள் வாய்க்குள் இருந்தது.